இரண்டு எக்கோ, இரண்டு முடிவு: இதயத்துக்குள் ரத்தத்தின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 74 வயதான உங்கள் அப்பத்தாவுக்குக் காரைக்குடியில் எக்கோ எடுத்தபோது அயோர்டிக் வால்வில் சுருக்கம் 'மிதமானது' என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து மதுரையில் எடுத்தபோது அதே வால்வைக் 'கடுமையானது' என்றார்கள், மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். இரண்டு ரிப்போர்ட்டின் எண்களையும் தட்டச்சு செய்து அனுப்பி, "எக்கோ ஒரு படம்தானே, படத்தைப் பார்த்து ரத்தம் ஓடும் வேகத்தை எப்படிச் சொல்கிறார்கள்? சென்னையில் 4டி ஃப்ளோ எம்ஆர்ஐ எடுத்தால் உண்மை தெரிந்துவிடுமா?" என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள்ளே உங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் இருக்கிறது. இருவரில் யாரை நம்புவது, இந்த வயதில் அப்பத்தாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதுதான் அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் இதய மருத்துவன். பல ஆண்டுகளாக உங்கள் பக்கத்து ஊர்களில்தான் எக்கோ பார்த்து வருகிறேன். ஆனால் உங்கள் அப்பத்தாவை நான் பார்க்கவில்லை, எக்கோவின் அசைபடங்களையும் பார்க்கவில்லை. எண்களை மட்டும் வைத்துப் பேசுகிறேன். எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்பதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'இதயத்தில் ரத்த ஓட்டம்' என்றதும் நம் ஊரில் எல்லோர் மனதிலும் வருவது 'அடைப்பு'. அது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களில் வருவது. அதைப் பார்க்க ஆஞ்சியோகிராம் வேண்டும். உங்கள் அப்பத்தாவின் பிரச்சினை இதயத்தின் அறைகளுக்குள், வாசல்களின் வழியாக ஓடும் ரத்தத்தைப் பற்றியது. இடது கீழறையிலிருந்து உடம்புக்குப் போகும் ரத்தம் அயோர்டிக் வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். வயதாக ஆக அந்த வால்வின் இதழ்களில் கால்சியம் படிந்து விறைத்துப்போகிறது, வாசல் குறுகுகிறது. அடைப்பு இருக்கிறதா என்று இந்த எக்கோ சொல்லாது. "எக்கோ நார்மல், அதனால் அடைப்பு இல்லை" என்றும் "அடைப்பு இல்லை, அதனால் வால்வு நன்றாக இருக்கிறது" என்றும் சொல்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இரண்டுமே தவறு.

இப்போது எக்கோ. அந்தக் கருவிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று படம். நெஞ்சில் வைக்கும் ப்ரோப் என்ற கைக்கருவி அனுப்பும் ஒலி உடம்புக்குள் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்புகிறது. திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டுக் கறுப்பு வெள்ளைப் படம் உருவாகிறது. இன்னொன்று டாப்ளர். ஒரு சிவப்பணு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் கோடிக்கணக்கில் சேர்ந்து ஓடும்போது அவை ஒலியைச் சிதறடிக்கின்றன. ப்ரோபை நோக்கி வரும் அணுக்களிலிருந்து திரும்பும் ஒலியின் அதிர்வெண் கொஞ்சம் கூடுகிறது, விலகிப் போகும் அணுக்களிலிருந்து திரும்புவது கொஞ்சம் குறைகிறது. அந்த வித்தியாசம்தான் வேகத்தைச் சொல்கிறது. 20 லட்சம் ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினால், நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடும் ரத்தம் அதில் ஏறத்தாழ 10,400 ஹெர்ட்ஸ் மாற்றத்தைக் கொடுக்கும். அந்த மாற்றம் மனிதக் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இருக்கிறது. எக்கோ அறையில் 'உஷ், உஷ்' என்று கேட்டிருப்பீர்களே, அது இதயத் துடிப்பின் ஓசை இல்லை. இந்த வித்தியாசத்தைத்தான் கருவி ஒலிபெருக்கியில் விடுகிறது. குறுகிய வால்வைத் தாண்டும் ரத்தத்தின் சத்தம் கூர்மையாக, மெல்லியதாக இருக்கும். பழகிய கை திரையைப் பார்ப்பதற்கு முன்பே காதால் அந்த இடத்தைப் பிடித்துவிடும்.

ஆக, வேகம் என்பது படத்தைப் பார்த்துச் சொல்லும் ஊகம் இல்லை, நேரடியாக அளக்கப்படுவது. திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். சிவப்பு ப்ரோபை நோக்கி வருவது, நீலம் விலகிப் போவது, அவ்வளவுதான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதன் மீது நம்பிக்கை கூடும். அதிர்வெண் மாற்றத்தைப் பற்றிக் கிறிஸ்டியன் டாப்ளர் பிராகில் அறிவித்தது 1842இல், அதுவும் விண்மீன்களின் ஒளியைப் பற்றி. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் பார்க்கும் ஒலிக்கருவியை மனித நெஞ்சில் வைத்து இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். அதே பத்தாண்டில் ஜப்பானின் ஒசாகாவில் சாட்டோமுரா டாப்ளர் முறையை இதயத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் வேகத்திலிருந்து அழுத்தத்தைக் கணக்கிட்டு, அதை மருத்துவர்கள் நம்பும்படி நிறுவியதில் நார்வே நாட்டவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1970களில் ட்ரோன்ஹைம் நகரில் லிவ் ஹாட்லே என்ற பெண் மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் டாப்ளர் கணக்கைக் கதீட்டர் அளவோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். அதற்கு முன்னால் உங்கள் அப்பத்தாவின் நிலையில் இருந்த ஒருவருக்கு வால்வின் சுருக்கத்தை அளக்க வேண்டுமென்றால், ரத்தக் குழாய் வழியாகக் கம்பி போன்ற குழாயை இதயத்துக்குள் செலுத்திப் பார்க்க வேண்டும். இன்று காரைக்குடியில் ஒரு சின்ன அறையில், ஊசிகூடப் போடாமல், அரை மணி நேரத்தில் அதைச் செய்கிறோம்.

சரி, நேரடியாக அளக்கப்படுவது என்றால் வால்வைத் தாண்டும் உச்ச வேகம் ஏன் காரைக்குடியில் நொடிக்கு 3.6 மீட்டர், மதுரையில் 4.2 மீட்டர்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. டாப்ளர் அளப்பது ப்ரோபை நோக்கியோ விலகியோ போகும் வேகத்தை மட்டும். ஒலிக்கதிரும் ரத்தத்தின் பாய்ச்சலும் ஒரே கோட்டில் இருந்தால் முழு வேகமும் கிடைக்கும். சாய்வாக இருந்தால் குறையும். 20 டிகிரி சாய்ந்தால் 6 சதவீதம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 30 டிகிரி சாய்ந்தால் 13 சதவீதம் குறையும். 4.2இல் 13 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள், 3.6க்கு மிக அருகில் வந்து நிற்கும். காரைக்குடியில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டு எண்களும் ஒரே வால்விலிருந்து, நேர்மையாகவே, வந்திருக்க முடியும் என்று சொல்கிறேன்.

கால்சியம் படிந்த வால்விலிருந்து ரத்தம் நேராகப் பாயாது. இதழ் எந்தப் பக்கம் விறைத்திருக்கிறதோ அதற்கேற்பச் சாய்ந்து பீறிடும். எந்தத் திசை என்று முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் மார்பின் இடது பக்கம் கீழே, இதயத்தின் நுனியில் வைத்துப் பார்ப்பது மட்டும் போதாது. கழுத்துக் குழியிலிருந்தும், நோயாளியை வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து மார்பெலும்பின் வலது ஓரத்திலிருந்தும் பார்க்க வேண்டும். இதற்கென்றே பேனா போன்ற ஒரு சின்ன ப்ரோப் இருக்கிறது. அதில் படம் தெரியாது, காதையும் திரையில் வரையப்படும் வேகக்கோட்டையும் நம்பித் தேட வேண்டும். நீங்கள் அனுப்பியதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட வரி இதுதான்: மதுரை ரிப்போர்ட்டில் 4.2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'வலது மார்பெலும்பு ஓரம்' என்று எழுதியிருக்கிறது. காரைக்குடி ரிப்போர்ட்டில் 'நுனியிலிருந்து' என்று மட்டும் இருக்கிறது. வயதானவர்களில் மிக அதிகமான வேகம் பல சமயம் அந்த வலது ஓரத்தில்தான் அகப்படுகிறது. அங்கே தேடியவர் பொறுமையாகத் தேடியிருக்கிறார்.

சாய்வு வேகத்தைக் குறைக்கும், ஒருபோதும் கூட்டாது. ஆகவே பல இடங்களில் அளந்தால் மிக உயர்ந்த எண்ணே உண்மைக்கு அருகில் இருப்பது. இது உறுதி. ஆனால் உயர்ந்த எண்ணும் ஏமாற்றக்கூடிய இடங்கள் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் மைட்ரல் வால்வில் கசிவு இருந்தால் அதன் பாய்ச்சலும் வேகமாக, 5, 6 மீட்டர்கூட இருக்கும். அதை அயோர்டிக் வால்வின் பாய்ச்சல் என்று எடுத்துவிட வாய்ப்பு உண்டு. தொடர்ச்சி டாப்ளர் என்ற முறையில் வேகம் எவ்வளவு என்று தெரியும், ஒலிக்கதிர் போகும் கோட்டில் எந்த இடத்தில் என்று தெரியாது. இடத்தைச் சொல்லும் துடிப்பு டாப்ளர் முறையோ 15 செ.மீ. ஆழத்தில் நொடிக்கு 1 மீட்டருக்கு மேல் போனாலே தடுமாறும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடிகிறது. அதே போல, துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் ஒரு துடிப்பில் வேகம் அதிகமாகக் காட்டும். அப்படிப்பட்டவர்களுக்குப் பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். மதுரைப் பதிவின் வேகக்கோட்டைப் பார்த்தால் இந்தச் சந்தேகங்களை ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடலாம். எண்ணை மட்டும் பார்த்து என்னால் தீர்க்க முடியாது.

அடுத்து, 'கிரேடியன்ட்' என்று எழுதியிருக்கும் அழுத்த வேறுபாடு. இது அளந்தது இல்லை, கணக்கு. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 4ஆல் பெருக்கினால் உச்ச அழுத்த வேறுபாடு மி.மீ. பாதரசத்தில் வரும். அந்த 4 எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியது இல்லை. பெர்னூலியின் சமன்பாட்டில் ரத்தத்தின் அடர்த்தியைப் போட்டு அலகை மாற்றினால் 3.98 வருகிறது, அதை 4 என்று வைத்துக்கொள்கிறோம். 3.6க்கு 52, 4.2க்கு 71. பார்த்தீர்களா, வேகத்தில் சிறிய வித்தியாசம், அழுத்தத்தில் பெரிதாகிவிடுகிறது. வால்வு திறந்து ரத்தம் பாயும் நேரம் முழுவதற்கும் சராசரி எடுத்ததைத்தான் காரைக்குடியில் 31 என்றும் மதுரையில் 43 என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் அந்தந்த வேகத்தோடு பொருந்துகின்றன, கணக்கில் பிழை இல்லை. உச்ச வேகம் 4 மீட்டர், சராசரி வேறுபாடு 40 என்ற கோட்டைத் தொட்டால் 'கடுமையானது', அதற்குக் கீழே 3 மீட்டர் வரை 'மிதமானது' என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் பிரிவு. உங்கள் அப்பத்தாவின் வால்வு அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறது. அதனால்தான் அளவில் வந்த சின்ன மாற்றம் பெயரையே மாற்றிவிட்டது. பத்து நாளில் வால்வு மோசமாகிவிடவில்லை. இந்தச் சுருக்கம் ஆண்டுக்கணக்கில்தான் முற்றும்.

மூன்றாவது எண், வால்வின் பரப்பு: காரைக்குடியில் 1.1, மதுரையில் 0.8 சதுர செ.மீ. இதுதான் மூன்றிலும் அதிகமாக ஆடக்கூடியது. நம் ஊரணிக்கு வரும் வரத்துக்காலை நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான இடத்தில் மெதுவாக வரும் தண்ணீர், மடைவாயின் குறுகலில் வேகமெடுக்கிறது, ஆனால் இரண்டு இடத்திலும் நிமிடத்துக்குக் கடக்கும் தண்ணீர் ஒன்றுதான். அகலமான இடத்தின் பரப்பும் வேகமும் தெரிந்து, குறுகலின் வேகமும் தெரிந்தால், குறுகலின் பரப்பைக் கண்டுபிடித்துவிடலாம். இதயத்தில் அந்த அகலமான இடம் வால்வுக்குச் சற்றுக் கீழே, இடது கீழறை வெளியேறும் வழி. அங்கே விட்டத்தை அளந்து, வட்டம் என்று வைத்துக்கொண்டு பரப்பைக் கணக்கிடுகிறோம். காரைக்குடியில் அந்த விட்டம் 2.1 செ.மீ., மதுரையில் 1.9. வித்தியாசம் 2 மில்லிமீட்டர், எக்கோ படத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டின் தடிமன். ஆனால் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்குவதால், பரப்பு 3.46லிருந்து 2.84க்கு இறங்கிவிடுகிறது. போதாததற்கு, அந்த வழி பெரும்பாலானவர்களில் சரியான வட்டமாக இருப்பதில்லை, நீள்வட்டமாக இருக்கிறது. சி.டி. ஸ்கேன் வந்த பிறகு இது நன்றாகத் தெரிந்துவிட்டது. எக்கோ பெரும்பாலும் அதன் குறுகிய பக்கத்தை அளப்பதால், பரப்பு உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாக வரும்.

விட்டத்தை விட்டுவிட்டுப் பார்க்க வழி இருக்கிறதா? இருக்கிறது. இரண்டு ரிப்போர்ட்டிலும் 'வி.டி.ஐ.' என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒரு துடிப்பில் ரத்தம் எத்தனை செ.மீ. நகர்கிறது என்பது அது. வால்வுக்குக் கீழே இரண்டு இடத்திலும் 24 என்றே அளந்திருக்கிறார்கள், இது எனக்கு மிகவும் திருப்தி தருகிறது. வால்வில் காரைக்குடியில் 78, மதுரையில் 90. கீழே இருப்பதை மேலே இருப்பதால் வகுத்தால் 0.31, 0.27. இந்த விகிதம் 0.25க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். 0.27 அந்த எல்லைக்கு வெகு அருகில். இன்னொன்றும் செய்து பார்த்தேன். மதுரையின் வேகத்தை வைத்துக்கொண்டு காரைக்குடியின் பெரிய விட்டத்தைப் போட்டாலும் பரப்பு 0.92தான் வருகிறது, கடுமையான சுருக்கத்தின் எல்லையான 1க்குக் கீழேதான். ஆக, வலது ஓரத்தில் எடுத்த அந்த வேகக்கோடு அயோர்டிக் வால்வினுடையதுதான் என்று உறுதியானால், மதுரைக்காரர்கள் சொன்னதே உண்மைக்கு அருகில் என்பது என் கருத்து. கிட்டத்தட்ட முழு நம்பிக்கையோடு சொல்கிறேன், ஆனால் அந்த 'உறுதியானால்' முக்கியம்.

காரைக்குடி ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் 'பி.பி. 178/90' என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். எழுதியவருக்கு நன்றி சொல்ல வேண்டும், பலர் எழுதுவதில்லை. எக்கோ எடுக்கும்போது ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தால், இதயம் வால்வோடு மட்டுமல்லாமல் உடம்பின் ரத்தக் குழாய்களோடும் மல்லுக்கட்டுகிறது. அப்போது வால்வைத் தாண்டும் ஓட்டம் குறைந்து, சுருக்கம் உள்ளதைவிட லேசாகத் தோன்றலாம். அழுத்தம் கட்டுக்குள் இருக்கும்போது மறுபடி அளப்பதுதான் சரி. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ரத்தசோகை, காய்ச்சல், தைராய்டு அதிகமாகச் சுரப்பது ஆகியவற்றில் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும், வேகம் கூடித் தெரியும். எனவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

இனி எம்ஆர்ஐ. அதன் வேலை செய்யும் விதம் அழகானது. உடம்பில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் சுழல்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ரத்தத்தில் இருப்பவை, நிற்கும் தசையில் இருப்பவற்றைவிடச் சுழற்சியின் கட்டத்தில் (ஃபேஸ்) மாறிவிடுகின்றன. எவ்வளவு மாறியது என்பது வேகத்துக்கு நேர்விகிதம். கட்ட மாற்ற எம்ஆர்ஐ என்பது இது. இதையே ஒரு தளத்தில் மட்டும் செய்யாமல், மூன்று திசையிலும், துடிப்பின் எல்லா நேரத்திலும் செய்தால் 4டி ஃப்ளோ. ரத்தம் அறைக்குள் எப்படிச் சுழன்று திரும்புகிறது என்பதை வண்ணக் கோடுகளாகப் பார்க்கலாம். பார்த்தால் மெய்சிலிர்க்கும், எனக்கு இன்றும் அப்படித்தான். ப்ரோபைச் சாய்த்துப் பிடிக்கும் பிரச்சினை அதில் இல்லை. எவ்வளவு ரத்தம் போனது, எவ்வளவு திரும்பிக் கசிந்தது என்று மில்லிலிட்டரில் சொல்வதில் அது எக்கோவைவிட நம்பகமானது. குழந்தையிலேயே இதயத்தில் ஓட்டை, குழாய்கள் இடம் மாறியிருப்பது போன்றவற்றில், நுரையீரலுக்குப் போகும் ரத்தம் உடம்புக்குப் போவதைப்போல எத்தனை மடங்கு என்று தெரிய வேண்டியிருக்கும். அங்கே அது மிகவும் உதவும். வால்வுக் கசிவு எவ்வளவு என்பதில் எக்கோ தடுமாறினால் நானே எம்ஆர்ஐக்கு அனுப்புவேன்.

ஆனால் உங்கள் அப்பத்தாவின் கேள்வி கசிவு இல்லை, சுருக்கம். குறுகிய வாசலிலிருந்து பீறிடும் பாய்ச்சலின் நடுவே, சில மில்லிமீட்டர் அகலத்தில் மட்டுமே அந்த உச்ச வேகம் இருக்கிறது. 4டி ஃப்ளோ படத்தின் ஒவ்வொரு சிறு பெட்டியும் ஏறத்தாழ 2, 3 மில்லிமீட்டர். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எல்லா வேகத்தையும் சேர்த்துச் சராசரியாகத்தான் அது காட்டும். பாய்ச்சல் கலங்கிய இடத்தில் சமிக்ஞையே மங்கிப்போகும். அதனால் உச்ச வேகத்தை எம்ஆர்ஐ பெரும்பாலும் எக்கோவைவிடக் குறைவாகவே சொல்லும். போதாததற்கு, எத்தனை வேகம் வரை அளக்க வேண்டும் என்று முன்கூட்டியே கருவியில் ஓர் எல்லை வைக்க வேண்டும். குறைவாக வைத்தால் வேகம் தலைகீழாகக் காட்டும், அதிகமாக வைத்தால் இரைச்சல் கூடும். இப்போது நடக்கக்கூடியதை யோசித்துப் பாருங்கள். பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போய், குகைக்குள் முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்து, 3.7 என்று ஓர் எண் வரும். வீட்டில் எல்லோரும் "காரைக்குடிதான் சரி, மிதமானதுதான்" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். நான் பயப்படுவது இதற்குத்தான். சுழல், ஆற்றல் இழப்பு, குழாய்ச் சுவரில் உராய்வு என்று 4டி ஃப்ளோ தரும் மற்ற அளவுகள் ஆராய்ச்சியில் பெரிய நம்பிக்கை தருபவை. ஆனால் அவற்றை வைத்து ஒருவருக்கு வால்வை மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை.

மூன்றாவது பரிசோதனை ஒன்று வேண்டுமென்றால், அதைவிட எளிதான வழி இருக்கிறது. சாயம் ஏற்றாத சி.டி. ஸ்கேனில் வால்வில் படிந்த கால்சியத்தை எண்ணலாம். சிறுநீரகத்துக்குத் தொந்தரவு இல்லை, சில நிமிட வேலை. அது ரத்த ஓட்டத்தையே அளப்பதில்லை, அதுதான் அதன் பலம். சாய்வு, விட்டம், பி.பி. எதுவும் அதைப் பாதிக்காது. பெண்களில் 1200 அலகுக்கு மேல் இருந்தால் கடுமையான சுருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆண்களுக்கு அந்த எல்லை 2000. பெண்களுக்குக் குறைவான கால்சியத்திலேயே வால்வு இறுகிவிடுகிறது, ஆண்களுக்கான எல்லையை வைத்து அப்பத்தாவைப் பார்த்துவிடக் கூடாது. பரப்பு குறைவாகவும் அழுத்த வேறுபாடும் குறைவாகவும் வந்து முரண்படுகிறவர்களுக்கே இது பெரிதும் பயன்படுகிறது. ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 35 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் அப்படி முரண்படும். அப்பத்தாவுக்கு, மதுரைக் கணக்கில் ஒரு துடிப்புக்கு 68 மில்லிலிட்டர் வருகிறது. சிறிய உடல்வாகு என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த உடம்புக்கு அது போதுமான ஓட்டம். எனவே அந்த முரண்பாடு இங்கே இல்லை. வேகக்கோட்டைப் பார்த்த பிறகும் சந்தேகம் மிச்சம் இருந்தால் மட்டும் இந்த சி.டி. எடுத்தால் போதும்.

"இ.எஃப். 62 என்று இரண்டிலும் இருக்கிறதே, பம்ப் நன்றாக இருக்கிறது என்றார்களே" என்றும் கேட்டிருந்தீர்கள். இ.எஃப். என்பது கீழறையில் நிரம்பியதில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பது. வாசல் குறுகியிருக்கும்போது தசை தடித்துக்கொண்டு வெகுகாலம் அந்தச் சதவீதத்தைக் காப்பாற்றும். அது நல்ல செய்திதான், வால்வை மாற்றினால் இதயம் நன்றாக மீளும் என்று பொருள். காத்திருக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. இ.எஃப். விழும் வரை பார்த்துக்கொண்டிருப்பது தாமதம்.

எண்களைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி: 'படியேறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, வயதாகிவிட்டது அல்லவா.' நம் பக்கத்து ஆச்சிமார்களை எனக்குத் தெரியும். இத்தனை பெரிய வீட்டில் தனியாக இருந்துகொண்டு, பிள்ளைகள் போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல மாட்டார்கள், மூச்சு வாங்கும் வேலையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். அதனால் "மூச்சு வாங்குதா?" என்று கேட்காதீர்கள். போன வருஷம் குன்றக்குடி மலை ஏறினார்களா, இந்த வருஷம் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்களா? மாடிக்குப் போவதை எப்போது நிறுத்தினார்கள்? முன்பெல்லாம் வளவை ஒரே மூச்சில் பெருக்கி முடித்தவர்கள் இப்போது நடுவில் உட்காருகிறார்களா? தலை சுற்றியதா, நெஞ்சை அழுத்தியதா, எப்போதாவது மயங்கி விழுந்தார்களா? இவற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று மட்டும் படியேறச் சொல்லிவிடாதீர்கள். அறிகுறி உள்ள கடுமையான சுருக்கத்தில் ட்ரெட்மில் பரிசோதனைகூடச் செய்யக் கூடாது.

கடுமையான சுருக்கமும் அதனால் வரும் அறிகுறியும் சேர்ந்துவிட்டால் மருத்துவத்தில் கருத்து வேறுபாடு கிடையாது, வால்வை மாற்ற வேண்டும். 1968இலேயே ராஸ், பிரான்வால்ட் என்ற அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள்: இதயம் தளர்ந்து மூச்சுத் திணறல் தொடங்கிய பிறகு, வால்வைச் சரி செய்யாதவர்களின் சராசரி ஆயுள் சுமார் இரண்டு ஆண்டு. இன்றுவரை வால்வைத் திறக்கும் மாத்திரை கிடையாது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளை வைத்து முயன்ற பெரிய ஆய்வுகளிலும் சுருக்கம் நிற்கவில்லை. ஆனால் நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்ற காலம் மாறிவிட்டது. 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதன்முதலில் ரத்தக் குழாய் வழியாக அயோர்டிக் வால்வைப் பொருத்தினார், இன்று தமிழ்நாட்டிலும் அது நடக்கிறது. 74 வயதில் இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. எது அப்பத்தாவுக்குப் பொருந்தும் என்பது சி.டி. படம், ஆஞ்சியோகிராம், சிறுநீரகம், அவர்களின் விருப்பம், உங்கள் வசதி எல்லாவற்றையும் வைத்து நேரில் பேசி முடிவு செய்ய வேண்டியது. அதில் நான் இங்கிருந்து தலையிட மாட்டேன்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு இடத்திலும் ரிப்போர்ட்டோடு நிற்காமல் எக்கோவின் அசைபடங்களைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுப்பார்கள். பி.பி.யைக் கட்டுக்குள் கொண்டுவர மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பிறகு ஒரே இதய மருத்துவரிடம் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவரே, பி.பி. பார்த்து எழுதிவிட்டு, வலது ஓரம் உட்பட எல்லா இடத்திலிருந்தும் ஒரு முறை அளக்கட்டும். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இந்த உச்ச வேகம் எந்த இடத்தில் கிடைத்தது, அது அயோர்டிக் வால்வினுடையதுதானா, விட்டத்தை விட்டுவிட்டு விகிதத்தை மட்டும் பார்த்தால் என்ன வருகிறது. இதை இந்த மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். இடையில் மயக்கமோ, படுத்தால் மூச்சு முட்டுவதோ வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.